அத்தை ஊர்க் கடல்

பனிமய மாதா துணை

வங்காலை, மன்னார்
28 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் விஜிலா எழுதுவது. நல்லபடியாக அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உங்களுக்கு அந்த நெஞ்செரிச்சல் குறைந்ததா? அம்மா முழங்காலுக்குத் தைலம் போடுகிறாளா, மறந்துவிடுகிறாளா?

போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் அம்மா சொன்னபடி தாளில் எழுதி, படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். எழுத்தில் யாரும் யாரையும் பார்த்துக் கத்த முடியாது.

நம் தூத்துக்குடித் திரேஸ்புரத்திலிருந்து போட்டில் ஒரு ராத்திரி ஓட்டம்தான் என்று நீங்கள் சொல்லும் ஊருக்கு நான் மதுரை வரை பஸ், கொழும்பு வரை விமானம், மன்னார் வரை இன்னொரு பஸ் என்று வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏளா, அப்படியே எந்தம்பி மூஞ்சி. கோவமும் அப்படித்தானா?" என்று கேட்டாள். பதினைந்து வருஷமாக இங்கே இருந்தும் என்னோடு பேசும்போது அவளுக்குத் திரேஸ்புரத்துப் பேச்சுதான் வருகிறது. திரும்பி மாமாவிடம் பேசினால் இந்த ஊர்ப் பேச்சு.

கிளைட்டன் மாமா உங்களைத்தான் முதலில் விசாரித்தார். சண்டைக்காலத்தில் அகதியாக வந்து, உங்களோடு ஒரே போட்டில் கடலுக்குப் போனது, அந்தப் பழக்கத்தில் அத்தையைக் கட்டியது, சண்டை ஓய்ந்த பிறகு குடும்பத்தோடு ஊர் திரும்பியது எல்லாவற்றையும் ஒரு சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லி முடித்துவிட்டார். "உன்ர அப்பர் சுக்கான் பிடிச்சால் போட்டுக்கே தெரியாது திரும்பினது" என்றார். நீங்கள் இப்போது ரெக்ஸ் அண்ணாச்சியின் 'ஜெர்லின்' போட்டுக்கு டிரைவர் என்று சொன்னேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டார். அவர்கள் மகள் அனுஜாவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் மட்டும் என்னிடம் அதிகம் பேசவில்லை.

கல்விப் பயணம் ஜூலை முதல் வாரம் மன்னாரில் தொடங்குகிறது. இரண்டு கரைக் கடற்கரைப் பிள்ளைகளும் சேர்ந்து யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை என்று போகிறோம். ஒவ்வொருவரும் தன் கரையைப் பற்றி ஒரு நாள் பேச வேண்டும். அத்தை வீட்டில் இருந்துவிட்டுப் போவதென்றால் போ என்று நீங்கள் விட்டதற்கு நன்றி. மனசில்லாமல்தான் விட்டீர்கள். ஆனாலும் விட்டீர்கள்.

எல்லாரையும் மாதா காக்கட்டும்.

உங்கள் மகள்
விஜிலா


திரேஸ்புரம்
5 ஜூன் 2025

மகள் விஜிலாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதத்தை அம்மா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். இங்கே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. நெஞ்செரிச்சல் கடலுக்குப் போனால் போய்விடும். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதால் வருவது அது.

போட்டைக் கரையேற்றி, கீழ்ப்பலகை இரண்டை மாற்றி, பெயிண்ட் அடித்து இறக்கிவிட்டோம். இழுவைக்குப் புது மடி வந்திருக்கிறது. பதினாலாம் தேதியோடு தடை முடிகிறது. அதன் பிறகு நான் எழுதத் தாமதம் ஆனால் கடலில் இருக்கிறேன் என்று புரிந்துகொள்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. ரெக்ஸ் அண்ணாச்சி மீன் கம்பெனியில் சோதனைக்கூடத்துக்கு விலங்கியல் படித்த பெண்பிள்ளை ஒருத்தி வேண்டுமாம். "ஒன் மவ வந்ததும் கூட்டிட்டு வா ரோச்சு" என்று அவரே சொன்னார். தூத்துக்குடியிலேயே வேலை, காலையில் போனால் சாயங்காலம் வீடு. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல். அத்தானையும் கேட்டதாகச் சொல். அங்கே வெயிலில் கரையில் அலையாதே. அனுஜா பேசாவிட்டால் நீ போய்ப் பேசு, மதினிமாருக்குள் என்ன.

சர்வேசுரன் துணை இருப்பார்.

அப்பா
ரோச்


வங்காலை
11 ஜூன் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பாக வந்தது. 'சர்வேசுரன்' என்று எழுதுகிற கடைசி ஆள் நீங்களாகத்தான் இருக்கும். நான் சுகம். பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று அத்தை சொல்கிறாள். அம்மாவின் மீன்கூடையை இப்போதும் அவளே தூக்குகிறாளா? முழங்கால் வலியோடு தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அனுஜா பேசிவிட்டாள். நீங்கள் சொன்னபடி நானாகப் போய்த்தான் பேசினேன். வாசலில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கே அடியில் வலையைப் பதித்துவிட்டு வந்து, அடுத்த நாள் விடியப் போய் எடுக்கிறார்கள். நண்டின் காலை ஒடிக்காமல் வலையிலிருந்து எடுப்பது பெரிய வித்தை. எனக்கு இரண்டு விரலில் கடி.

"உங்கட தடைக்காலம்தான் எங்கட சீசன்" என்றாள் அனுஜா. புரியாமல் பார்த்தேன். "நீங்கள் கரையில கட்டியிருக்கிற மாசங்களிலதான் நாங்கள் பயமில்லாமல் வலை போடுறம். பதினாலோட அது முடிஞ்சிடும். பிறகு அப்பா வலை போடப் போகேக்க அம்மா செபமாலையைக் கையில எடுத்தால், அவர் வந்த பிறகுதான் வைப்பா." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் அரிசி விலை சொல்வதுபோல் சொன்னாள். அதனால்தான் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

மாமாவிடம் கேட்டேன். "எங்கட கடலில இழுவை மடி சட்டப்படி கூடாது பிள்ளை. இருந்தும் வாறாங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கம்பெனி வேலையைப் பற்றி வந்து பேசலாம். நீங்கள் என்னைக் கேட்காமல் சரி சொல்லியிருக்க வேண்டாம்.

அப்பா, ஒன்று கேட்கிறேன். தடை முடிந்ததும் நீங்கள் எந்தப் பக்கம் மடி இழுப்பீர்கள்?

அம்மாவுக்கு என் முத்தம்.

விஜிலா


திரேஸ்புரம்
13 ஜூன் 2025

மகள் விஜிலாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நாளை மறுநாள் போட்டு தொழிலுக்குப் போகிறது. ஐஸ் ஏற்றுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நீ போகிற கல்விப் பயணத்தில் எல்லைப் பிரச்சினை, இழுவை மடிப் பிரச்சினை எல்லாம் பேசப்போகிறார்களாம். ரெக்ஸ் அண்ணாச்சிக்கு யாரோ அந்த நோட்டீசை அனுப்பியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு, "நம்ம போட்டு டிரைவர் மவளே அங்கன போயி உக்காந்தா எப்படி ரோச்சு?" என்று கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன்.

அத்தையைப் பார்த்தாயிற்று. இனி பயணம் வேண்டாம். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வீடு வந்து சேர். வந்ததும் கம்பெனியில் சேரலாம்.

அக்காவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

அப்பா


வங்காலை
16 ஜூன் 2025

அன்புள்ள அப்பா,

சுகமாக இருக்கிறேன். இது வரும்போது நீங்கள் கடலில் இருப்பீர்கள். கரைக்கு வந்து சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு வாசியுங்கள்.

நான் வரமாட்டேன்.

இந்தப் பயணத்துக்கு நான் எழுதிப் போட்டு, நேர்முகத்துக்குப் போய், தேர்வானது என் முயற்சியில். அதை ரெக்ஸ் அண்ணாச்சி ஒரு வார்த்தையில் அழித்துவிட முடியாது. அவர் உங்களுக்கு முதலாளி. எனக்கு அவர் யாரும் இல்லை. நீங்கள் தலை குனிந்து நின்றது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்களைத் தலை குனிய வைத்தது நான் இல்லை. கேட்ட ஆள்தான்.

அந்த வேலையும் எனக்கு வேண்டாம். வாயைப் பூட்டிக்கொண்டு போகிற வேலைக்கு மூன்று வருஷம் படிக்கவில்லை.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

அம்மாவை அதிகம் அலைய விடாதீர்கள்.

விஜிலா


வங்காலை
27 ஜூன் 2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் நாள்கணக்கில் தங்கு கடல் போயிருந்து திரும்பிவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். உடம்பு நன்றாக இருக்கிறதா? இங்கே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. வாயைத் திறந்தால் மண்.

மாமா நேற்று விடிந்து கொஞ்ச நேரத்தில், வழக்கத்துக்கு முன்னாலேயே கரை வந்துவிட்டார். கூட்டாளி இறங்கி வள்ளத்தைக் கட்டினார், மாமா இறங்கவில்லை. அப்படியே வள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வலை பந்துபோல் சுருண்டு கிடந்தது. அத்தையும் அனுஜாவும் நானும் அதைத் தூக்கிவந்து முற்றத்தில் விரித்தோம். விரிக்க விரிக்கக் கையில் நூல்தான் வந்தது. நண்டின் உடைந்த ஓடும் கல்லும் அதில் சிக்கியிருந்தன. முக்கால்வாசி வலை வரவே இல்லை.

"என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டேன்.

"நீரோட்டம் பிள்ளை" என்றார்.

அனுஜா சிரித்தாள். "நீரோட்டத்துக்கு இஞ்சின் இருக்குமோ அப்பா?" என்றாள். அத்தை அவளை வாயை மூடச் சொன்னாள். அவள் மூடவில்லை. "இவளுக்கும் தெரியட்டும். கரைக்கு வந்ததும் அப்பாவின்ர கூட்டாளி எனக்குச் சொன்னவர். போட்டில தூத்துக்குடிப் பதிவு. ஜெர்லின் எண்டு பேரும் எழுதியிருந்ததாம்."

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாதான் பேசினார். "நான் கூப்பிட்டனான். கூப்பிட்ட உடன அவன் மடிப் பலகையைத் தூக்கி இழுவையை நிப்பாட்டிட்டான். மடியை மேல எடுத்துப்போட்டுத்தான் திரும்பினவன். மற்றவங்கள் அப்பிடித் தூக்கிறதில்லை."

என்னவென்று கூப்பிட்டார் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் கூட்டாளியிடம் போய்க் கேட்டேன். "மச்சான் எண்டு கூப்பிட்டவர்" என்றார்.

அப்பா, உங்கள் போட்டில் இன்னொரு டிரைவர் இருக்கிறாரா? இருந்தால் எழுதுங்கள். நான் நம்புகிறேன்.

இன்று முழுவதும் நான் அத்தையோடு உட்கார்ந்து, மிஞ்சிய வலையில் கிழியாத துண்டுகளை வெட்டி எடுத்தேன். அத்தை எனக்குச் சாப்பாடு போட்டாள். எப்போதும்போல் மீனின் நடுத்துண்டை எனக்குத்தான் வைத்தாள். அதைத் தின்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

விஜிலா


திரேஸ்புரம்
4 ஜூலை 2025

விஜிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. முனிசிபல் தண்ணீர் நாலு நாளாக வரவில்லை, லாரியில் வாங்குகிறோம். காற்று இங்கேயும் பலம்.

கடலில் யார் வலை என்று பெயர் எழுதிப் போடுவது இல்லை. மீன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போட்டு போகும். போட்டு சும்மா திரும்பிவந்தால் அதற்குக் கரையில் பதில் சொல்ல வேண்டியவன் டிரைவர். நீ படித்த படிப்பும் இந்தக் கடலில் இழுத்ததுதான். அதைப் படிக்கும்போது நீ கேட்கவில்லை, எந்தப் பக்கம் இழுத்தீர்கள் என்று.

பயணத்துக்குப் போகத்தான் போகிறாய் என்றால் போ. தடுத்து உன்னை நிறுத்த முடியாது. ஆனால் மேடையில் ஏறி வாயைத் திறந்தால் ரோச் மகள் என்று சொல்லாதே. யார் மகள் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

அக்காவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

ரோச்


வங்காலை
6 ஜூலை 2025

அன்புத் தம்பி ரோச்சுக்கு,

அக்கா மெட்டில்டா எழுதுவது. நீயும் கிருபையும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஊர்க் கோயில் புனித ஆனாளிடம் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை விஜிலா என்னிடம் வாசித்துக் காட்டவில்லை. வாசித்துவிட்டுப் போனைப் பையில் வைத்துவிட்டு, நெடுநேரம் கிணற்றடியில் துணி துவைத்தாள். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்தாள். நானே அவள் பையிலிருந்து போனை எடுத்து வாசித்தேன். தப்புதான். செய்தேன்.

தம்பி, உன் அத்தான் உன் பெயரை இந்த ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மீனவர் சங்கத்தில் கேட்டார்கள். போட்டின் பெயரைக் கூட்டாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆளைத் தெரியுமா என்று கேட்டதற்கு, "இருட்டில தெரியேல்ல" என்று இவர் சொன்னார். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவரை மேற்கொண்டு கேட்கவில்லை.

இவருக்கு இப்போது வலை இல்லை. இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். அதை நான் உனக்குக் குறையாகச் சொல்லவில்லை. சண்டையில் வீடு போன மனுஷன், வலை போனதற்கு உடைந்துவிட மாட்டார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

உன் மகளைப் பேசாதே என்று சொல்லும்படி நீ என்னிடம் கேட்கப்போவதானால் கேட்காதே. நான் சொல்லமாட்டேன். அகதியைக் கட்டாதே என்று அன்றைக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குச் சொன்னீர்கள். நான் கேட்டேனா? இவளும் இந்த வீட்டுப் பெண்தான்.

நேற்று அவளை மன்னாரில் பயணத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். இவரும் வந்தார். பஸ் கிளம்பும்போது, "பயப்படாமல் கதை பிள்ளை" என்று அவளைப் பேசச் சொல்லி அனுப்பினார்.

ஆண்டவர் நம் எல்லாருக்கும் நல்ல புத்தி தரட்டும்.

உன் அக்கா
மெட்டில்டா


திருகோணமலை
19 ஜூலை 2025

அன்புள்ள அப்பா,

நான் நலம். வழியில் ஒரு நாள் காய்ச்சல் வந்து போனது, அவ்வளவுதான். உங்களுக்கும் அம்மாவுக்கும் எந்தக் குறையும் வரக்கூடாது.

வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். பேசினேன்.

முத்துக்குளித்துறை பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. சிப்பி, சங்கு, மாதா கோயில் தேர், மக்ரூன் என்று படங்கள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். எனக்கு முன்னால் நம் பக்கத்துப் பையன் ஒருவன் பேசினான். இது பாட்டன் பூட்டன் காலத்துக் கடல், கடலில் கோடு கிடையாது என்றான். இந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். முல்லைத்தீவுப் பெண் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டாள், "கோடு வேண்டாம். எங்கட வலைக்கு என்ன பதில்?" அவன் தாளை மடித்துக்கொண்டு இறங்கினான். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

படத்தைப் போடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் பெயர் விஜிலா. தூத்துக்குடித் திரேஸ்புரம் ரோச் மகள். என் அப்பா இழுவைப் போட்டுக்கு டிரைவர். என் மாமா வங்காலையில் நண்டு வலை போடுகிறவர். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே போட்டில் போனவர்கள், ஒரே சட்டியில் தின்றவர்கள். போன மாதம் என் அப்பாவின் போட்டு என் மாமாவின் வலையை இழுத்துக்கொண்டு போனது. என் மாமா அவர் பெயரைச் சொல்லவில்லை. என் அப்பாவும் எனக்குப் பதில் எழுதவில்லை. அதனால் நான் சொல்கிறேன். எங்கள் போட்டு இங்கே வந்தது தப்பு. அது என் அப்பாவாக இருந்தாலும் தப்பு."

அவ்வளவுதான் பேசினேன். யாரும் கை தட்டவில்லை. கீழே வந்து உட்கார்ந்ததும் அந்த முல்லைத்தீவுப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"உங்கட அப்பா ஏசமாட்டாரோ?"

"ஏசுவார்."

"பிறகு?"

"பிறகும் என் அப்பாதான்."

ரோச் மகள் என்று சொல்லாதே என்றீர்கள். அந்த ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. யாரோ பெற்ற மகளாக நின்றுகொண்டு உங்களைக் குற்றம் சொன்னால் அதுதான் கோழைத்தனம்.

ஒரு பையன் போனில் படம் எடுத்திருந்தான். அது நம் ஊருக்கும் வரும். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

விஜிலா


திரேஸ்புரம்
27 ஜூலை 2025

என் தங்கத்துக்கு,

அம்மா கிருபை எழுதுகிறேன். எனக்கு உங்கள் இரண்டு பேரைப்போல எழுத வராது. எழுதுவதைக் கூட்டி வாசித்துக்கொள். நீ சாப்பிடுகிறாயா? காய்ச்சல் என்று எழுதியிருந்தாய், மறுபடி வந்ததா? என் முழங்காலைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள், அது என்னோடு சேர்ந்தே போகட்டும்.

நேற்று மாதா கோயில் கொடி ஏறியது. நீ இல்லாமல் நான் தனியாகப் போய் நின்றேன். உங்கப்பா வரவில்லை.

உன் வீடியோ வந்துவிட்டது. முதலில் ஐஸ் கம்பெனியில் பார்த்தார்களாம், பிறகு சந்தையில். என்னிடம் ஒருத்தி கூடையை இறக்கும்போதே கேட்டாள், "என்னளா கிருபை, ஒன் மவ ஊரையே காட்டிக் குடுத்துட்டாளே." நான் சொன்னேன், "ஊரை எங்கேளா காட்டிக் குடுத்தா, எம் புருசனத்தான காட்டிக் குடுத்தா. அது எங்க வூட்டுப் பாடு. நீ மீன எடுக்கியா, இல்ல அடுத்தாளுக்குக் குடுக்கவா?" எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நம் தெருவில் வள்ளம் வைத்திருக்கிறவர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். "இழுவை மடி எங்க வலையையும்தான அறுக்கு. நாங்க இத்தனை வருசமாக் கத்துததத்தான் ஒம் பிள்ள சொல்லிருக்கா" என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். உங்கப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது எழுதுவதை நீ அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. என்னிடம் அவர் சொல்லவில்லை. கூட நின்ற ஆள் வந்து சொன்னது.

ரெக்ஸ் அண்ணாச்சி கம்பெனிக்குக் கூப்பிட்டு விட்டிருக்கிறார். மற்றப் போட்டு ஓனர்களும் இருந்திருக்கிறார்கள். "ரோச்சு, ஒண்ணும் பெரிசா வேண்டாம். எம் பிள்ளைக்கு விவரம் தெரியாது, அங்கன உள்ளவுக சொல்லிக் குடுத்துப் பேசிட்டான்னு ஒரு வார்த்த சொல்லு. போன்ல எடுத்துப் போட்டுருவோம். முடிஞ்சு போச்சு" என்றாராம். ஒருத்தன் போனை நீட்டிக்கொண்டு நின்றானாம்.

உங்கப்பா அந்தப் போனைக் கையால் ஒதுக்கினாராம். பிறகு சொன்னாராம், "எம் பிள்ளைக்கு எல்லா விவரமும் தெரியும் அண்ணாச்சி. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. அவ பொய் சொல்லல. நான் எப்படி அவளப் பொய் சொல்லுதான்னு சொல்ல?"

"அப்ப நாளைக்குப் போட்டுக்கு வராத" என்றாராம் அண்ணாச்சி.

"நாளைக்கு என்ன, இன்னைக்கே வரல" என்று போட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து குளித்தார். சாப்பிட்டார். தூங்கினார். எழுந்து மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போகாமல் நம் திரேஸ்புரம் கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். இரண்டு வள்ளக்காரர்கள் கடலுக்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். யோசிக்கிறார்.

உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறார். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ஆனால் உன் வீடியோவை நான் தண்ணி எடுக்கப் போன நேரத்தில் என் போனில் பார்த்திருக்கிறார். எப்படித் தெரியும் என்றால், பார்த்து முடித்த இடத்திலேயே நின்றிருந்தது.

நீ தைரியமாக இரு. நான் இருக்கிறேன்.

அம்மா


வங்காலை
29 ஜூலை 2025

அன்புள்ள அப்பா,

பயணம் நல்லபடியாக முடிந்து அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

என் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கோபம் என்றால் கோபத்தை எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. மாதா கோயில் திருநாளுக்கு முந்தின நாள் மதுரையில் இறங்குகிறேன். யாரும் அழைக்க வர வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். நீங்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் நான் உங்களிடம் பேசுவேன். சொன்ன சொல் எதையும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே மாமா இன்னும் கூலிக்குத்தான் போகிறார். வலை போன நாளிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்த அனுஜா இப்போது நிறுத்திவிட்டாள். அதுவும் ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

விஜிலா


திரேஸ்புரம்
2 ஆகஸ்ட் 2025

மகள் விஜிலாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நெஞ்செரிச்சல் இல்லை.

டிக்கெட்டை மாற்று. நீ இப்போது வர வேண்டாம், அங்கேயே இரு. விசாவை நீட்டிக்க முடியுமா என்று அத்தானிடம் கேள். திருநாள் அடுத்த வருஷமும் வரும்.

உன் பேச்சைக் கேட்டேன். நல்ல தெளிவாகத்தான் பேசினாய். ஆனால் பாதிதான் பேசினாய். நம் பக்கத்துக் கடலின் அடியில் இப்போது ஒன்றும் இல்லை. அதை வழித்து எடுத்ததும் நாங்கள்தான். அதை நீ சொல்லவில்லை. எல்லை தாண்டிப் போ என்று கரையில் நின்று சொல்கிறவன் ஒரு நாளும் நனைந்தது கிடையாது. பிடிபட்டால் ஜெயிலுக்குப் போகிறவனும் அவன் கிடையாது. அவன் உன் பேச்சில் எங்கே? டிரைவரைச் சொன்னாய், சரி. டிரைவரோடு நிறுத்திக்கொண்டாய். பயந்து விட்டாயா, தெரியாமல் விட்டாயா? தெரியாமல் என்றால் படித்த படிப்பு போதாது. பயந்து என்றால் நீ என் மகள் இல்லை.

உன்னைச் சரி என்று சொல்கிறேன் என்று நினைக்காதே. பெற்ற தகப்பனை நாலு பேர் முன்னால் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

வளைகுடா நாட்டு வேலைக்குப் போக எடுத்த பாஸ்போர்ட் இன்னும் தேதி தாண்டவில்லை. ஜெராக்ஸ் கடையில் விசாவுக்குப் பதிந்தேன், வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி மதுரையில் ஏறுகிறேன். கொழும்பில் என்னைப் பிடித்து வைத்து விசாரித்தால் விசாரிக்கட்டும். நான் வள்ளத்தில் வரவில்லை, வாசல் வழியாக வருகிறேன்.

அத்தான் நண்டு வலைக்கு எந்த அளவு கண் வைக்கிறார் என்று கேட்டு உடனே எழுது. அவருடைய புது வலைக்கு நூல் இங்கேயே வாங்கிவிடுகிறேன். மிதவையும் ஈயமும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். கோர்க்க இரண்டு பேர் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும்.

வங்காலைச் சங்கத்து ஆட்களுக்கும் நான் வருவதைச் சொல்லிவிடு, ஒளிந்து வந்தான் என்று யாரும் பேசக்கூடாது. ஏசுகிறவர்கள் ஏசட்டும். கேட்டுக்கொள்வேன். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கமாட்டேன். நீ விட்ட பாதியை நான் அங்கே சொல்வேன்.

அம்மாவும் வருகிறேன் என்று நிற்கிறாள். வியாபாரம் கெடும் என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். இந்த வீட்டில் யார் சொல்லை யார் கேட்டிருக்கிறார்கள்?

அத்தானிடம் இன்றைக்கே போய்ச் சொல், ரோச் வருகிறான் என்று. வர வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது. அப்படிச் சொன்னாலும் வருவேன்.

அப்பா
ரோச்